எங்கள் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணியின் சீசன்: வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் காலைப் பயிற்சியில் உதவி செய்கிறேன். நானும் இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆடியவன்தான். ஒன்பதரைக்கு மேல் அலுவலகம், அதற்கு முன்னால் கோர்ட். பையன்கள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அணியில் பாதிப் பேர் அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் போனிலும் கேட் வாசலிலும் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். போன சீசன் முடிந்த விதம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அது என்ன என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

சீசன் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது?

புது மாணவர்கள் சேர்ந்து வகுப்பு ஆரம்பித்த இரண்டாவது வாரம் செலக்‌ஷன் வைப்போம். பெரும்பாலும் அது ஆகஸ்ட் கடைசியாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் முழுக்கக் காலைப் பயிற்சி. அதற்குப் பிறகு, நாங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளுக்குள் நடத்தும் போட்டி. வீட்டில் பையன் ‘இன்டர் காலேஜ்’ என்று சொல்வது இதைத்தான். அதில் நன்றாக ஆடியவர்களை எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி குளிர்காலத்தில் தென் மண்டலப் போட்டிக்குப் போகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மற்ற கல்லூரிகளின் விழாக்களை ஒட்டி அழைப்புப் போட்டிகள் நடக்கும். அதோடு பரீட்சை வந்துவிடும், சீசன் முடிந்தது.

தேதிகள் முன்கூட்டியே உறுதியாவதில்லை. சில சமயம் ஒரு வாரம் முன்புதான் சுற்றறிக்கை வரும். அதனால் ‘எப்போ மேட்ச்?’ என்று கேட்டால் பையன் ‘தெரியாது’ என்று சொல்வது மழுப்பல் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

இன்னொன்று, மழை. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுடையது திறந்தவெளி சிமென்ட் கோர்ட். ராத்திரி பெய்த தண்ணீர் ரிங்குக்கு நேர் கீழே தேங்கி நிற்கும். காலையில் முதலில் வருகிற நான்கு பேர் வைப்பரால் தள்ளி, பழைய பனியன் துணியால் துடைத்து, அதன் பிறகுதான் பந்தைத் தொடுவோம். பையன் பந்து விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அழுக்கு பேன்ட்டோடு வந்தால் சந்தேகப்படாதீர்கள்.

ஒரு சீசனில் எத்தனை ஆட்டம் ஆடுவார்கள்?

என்னை ரொம்ப உறுத்துகிற விஷயம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்டர் காலேஜ் போட்டி பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடக்கிறது. தோற்றால் வெளியே. கூடைப்பந்து ஆட்டம் நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 10 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். முதல் சுற்றிலேயே பலமான அணியிடம் மாட்டிக்கொண்டால், இரண்டு மூன்று மாதம் விடிவதற்கு முன் எழுந்து வந்ததற்கெல்லாம் அந்த 40 நிமிடம்தான். அதிலும் பெஞ்சில் இருக்கும் பையனுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய கல்லூரி அணி ஒரு சீசனில் ஏறக்குறைய முப்பது ஆட்டம் ஆடுகிறது. அங்கேயும் மார்ச் மாதம் நடக்கும் 68 அணிகளின் தேசியப் போட்டி நாக் அவுட்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பையன்கள் எத்தனை முறை தோற்று, எழுந்து, திருத்திக்கொண்டிருப்பார்கள்! நம் பையனுக்குத் தோற்றுப் பழகவே வாய்ப்பு கிடைப்பதில்லை. முதல் தோல்வியே கடைசி ஆட்டமாகிவிடுகிறது.

அதனால் நாங்கள் ஆட்டங்களைத் தேடிப் போகிறோம். பெங்களூரில் அதற்கு வழி உண்டு. இந்த ஊரில் கல்லூரிகளை விட கிளப்புகளில்தான் கூடைப்பந்து ஆழமாக வேர் விட்டிருக்கிறது. மல்லேஸ்வரத்தில் பீகிள்ஸ் மாதிரி கிளப்புகளின் கோர்ட்டுக்கு சாயங்காலம் போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பையனும், வேலைக்குப் போகிற ஆளும், மாநில அணியில் ஆடியவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அப்படிப்பட்ட கிளப்புகளிடம் கேட்டு நட்பு ஆட்டம் ஆடுகிறோம். பெரும்பாலும் தோற்கிறோம். முப்பது வயது ஆள் ஒருவர் குதிக்காமலேயே நம் பையனிடமிருந்து ரீபவுண்டை, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, எடுத்துக்கொண்டு போவார். உடம்பை எங்கே வைப்பது என்று நான் ஒரு மாதம் கத்தியும் ஏறாதது அந்த ஒரு நாளில் ஏறும். இன்டர் காலேஜுக்கு முன் பன்னிரண்டு நட்பு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், இதற்குத்தான் போகிறான். தடுக்காதீர்கள்.

போன சீசன் எப்படிப் போனது?

முதல் சுற்றில் எதிரணி வரவே இல்லை. வாக் ஓவர். பையன்கள் கைதட்டிக் குதித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, கைக்கு வந்த ஓர் ஆட்டம் போய்விட்டதே என்று. இரண்டாவது சுற்றில் தாராளமாக ஜெயித்தோம். எல்லோரையும் இறக்கினோம்.

கால் இறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். மூன்றாவது குவார்ட்டர் வரை முன்னால் இருந்தோம். எங்கள் சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் பையன், நான்காவது ஃபவுலோடு (ஐந்தானால் ஆட்டத்திலிருந்தே போய்விட வேண்டும்) வெளியே வந்து உட்கார்ந்த பிறகு ஆட்டம் சாய்ந்தது. கடைசியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், எட்டு விநாடி பாக்கி. எங்கள் இரண்டாம் ஆண்டுப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ரிங்குக்குப் போனான். அந்த வயதுக்கு அது பெரிய தைரியம். ஃபவுல் வாங்கினான். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து ரிங்கின் முன்பக்கத்தில் பட்டு விழுந்தது. இரண்டாவது பின்பக்கம். ரீபவுண்ட் அவர்கள் கையில். உடனே ஃபவுல் செய்து நிறுத்தினோம். அவர்கள் இரண்டில் ஒன்று போட்டார்கள். அவ்வளவுதான்.

ராத்திரி ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் 22 ஃப்ரீ த்ரோ எறிந்து 11 போட்டிருக்கிறோம். தவறிய மற்ற ஒன்பதை யாரும் நினைக்கவில்லை, கடைசி இரண்டை மட்டும் எல்லோரும் நினைத்தார்கள். அவனும்தான்.

நான்கு நாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். ‘பையன் நாலு நாளா சரியா சாப்பிடலை தம்பி, காலேஜ்ல ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டார். அன்றைக்கு மேட்ச் இருந்ததே அவருக்குத் தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘ஃப்ரீ த்ரோன்னா என்ன தம்பி?’ என்றார்.

இந்தப் பக்கம் அந்த அம்மாவின் கேள்வியிலிருந்து பிறந்தது. காலை ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்து எழுப்பிவிட்டது அவர்தான். ஜெர்சியைத் துவைத்துப் போட்டதும் அவர்தான். எதற்காக என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் உட்பட.

சரி, ஃப்ரீ த்ரோ என்றால் என்ன?

பந்தை ரிங்கில் போடப் போகிறவனை எதிரணி ஆள் தள்ளினாலோ, கையில் அடித்தாலோ, நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவனுக்குத் தனியாக எறிய வாய்ப்பு கொடுப்பார். போர்டிலிருந்து 4.6 மீட்டர் தூரத்தில் ஒரு கோடு இருக்கும். அங்கே நின்று, யாரும் மறிக்காமல், ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், அதன் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பந்தின் குறுக்களவு 24 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட. அதாவது பந்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமான வாய்.

பார்க்க ரொம்பச் சுலபம். ஆனால் ஓடி ஓடிக் கால் நடுங்குகிற நேரத்தில் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். மூச்சு வாங்கும். எதிரணிப் பையன்கள் கோர்ட் ஓரத்தில் கத்துவார்கள். ஃப்ரீ த்ரோவுக்குப் பந்தைத் தூக்குவது கைதான், ஆனால் பலம் முழங்காலிலிருந்து வருகிறது. முழங்கால் களைத்தால் பந்து முன்பக்க ரிங்கில் அடிக்கும். அதைச் சரிக்கட்டப் போய் அடுத்ததைக் கூடுதலாகத் தள்ளினால் பின்பக்கம் அடிக்கும். அன்றைக்கு நடந்தது அப்படியே இதுதான். பையனின் மனத்தைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

குறை எங்கள் பயிற்சியில் இருந்தது. காலையில் வந்ததும், உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும்போது, வரிசையாக ஐம்பது ஃப்ரீ த்ரோ எறிய வைத்துக்கொண்டிருந்தோம். ஆட்டத்தில் யாருக்கும் ஐம்பது தொடர்ந்து கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும், அதுவும் களைப்பில். இப்போது முறையை மாற்றிவிட்டோம். கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான்கு முறை ஓடு, வந்து நின்று இரண்டு போடு, போய் அடுத்த பயிற்சி செய், மறுபடி ஓடி வந்து இரண்டு போடு. எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். நோட்டை எந்த அப்பா அம்மா வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

விதிகள் ஒன்றும் புரியவில்லை. குறைந்தபட்சம் எது தெரிந்தால் போதும்?

கோர்ட்டில் ஒரு பக்கம் ஐந்து பேர், அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வளைந்த கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து போட்டால் இரண்டு. பந்து கையில் வந்தால் 24 விநாடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒருவன் ஐந்து ஃபவுல் செய்தால் அந்த ஆட்டத்தில் அவன் வேலை முடிந்தது. ஒரு குவார்ட்டரில் ஓர் அணி நான்கு ஃபவுலைத் தாண்டினால், அதற்கு மேல் செய்யும் ஃபவுலுக்கெல்லாம் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நடுவர் கையை மூடி முஷ்டியாக உயர்த்தினால் ஃபவுல். விரித்த உள்ளங்கையை உயர்த்தினால் வேறு ஏதோ விதிமீறல், பந்து கைமாறும். சமனில் முடிந்தால் ஐந்து நிமிடம் கூடுதல் ஆட்டம்.

என் பையன் உயரம் குறைவு. எடுப்பீர்களா?

எடுத்திருக்கிறோம். உயரம் இருந்தால் நல்லதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செலக்‌ஷனில் நான் முதலில் பார்ப்பது, பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்பதை. தன் கையிலிருந்து பந்து பறிபோனதும் நின்று தலையில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? இடது கையால் டிரிபிள் செய்ய, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போக, தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை, செய்து பார்க்கச் சொன்னால் வெட்கப்படாமல் செய்கிறானா? போன வருடம் எங்கள் பாயின்ட் கார்டுதான் அணியிலேயே குட்டை. பந்தை மறுபாதிக்கு எட்டு விநாடிக்குள் கொண்டுபோக வேண்டிய ஆள் அவன்தான், ஒரு தடவைகூடப் பதறியதில்லை.

பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். நேரம் வீணாகவில்லையா?

இதைக் கேட்கும்போது உங்கள் குரலில் வருத்தம் தெரிகிறது. அவனுக்கும் அதே வருத்தம் உண்டு, வீட்டில் காட்ட மாட்டான்.

ஐந்து பேர் தனியாகப் பயிற்சி செய்ய முடியாது. அவர்களை எதிர்த்து நிற்க ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்து பேர் சோம்பினால் முதல் ஐந்து பேரும் மந்தமாகிவிடுவார்கள். எதிரணி ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் நிற்காமல் இடத்தைப் பிரித்துக்கொண்டு காப்பது) ஆடும் என்று தெரிந்தால், அந்த வாரம் முழுக்க பெஞ்சுப் பையன்கள்தான் அந்த எதிரணியாக நடிக்கிறார்கள். கால் இறுதியில் சென்டர் வெளியே வந்ததும் உள்ளே போனவன் மூன்றாம் ஆண்டு மாணவன். இரண்டு வருடம் சேர்த்து அவன் ஆடியது ஒரு முழு ஆட்டம் அளவுகூட இருக்காது. உள்ளே போன ஐந்து நிமிடத்தில் மூன்று ரீபவுண்ட் எடுத்தான். அவன் இல்லையென்றால் கடைசி எட்டு விநாடிக்கு அர்த்தமே இருந்திருக்காது.

அதே சமயம், பெஞ்சிலேயே வைத்து ஒரு பையனின் மூன்று வருடத்தையும் கழிப்பது நியாயம் இல்லை. இதில் எங்கள் மேலும் தவறு இருந்திருக்கிறது. அதனால்தான் நட்பு ஆட்டங்களில் எல்லோருக்கும் குறைந்தது ஒரு குவார்ட்டர் என்று வைத்திருக்கிறோம். ஸ்கோர் எப்படி இருந்தாலும் சரி.

அட்டெண்டன்ஸ் போய்விட்டால்?

இந்தக் கேள்விக்கு நான் உங்கள் பக்கம்தான். சில இடங்களில் 75 சதவீதம், சில இடங்களில் 85 சதவீதம் கேட்கிறார்கள். கல்லூரி சார்பாகவோ பல்கலைக்கழகம் சார்பாகவோ ஆடப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் உண்டு. ஆனால் கடிதம் தானாகப் போய்ச் சேராது. உடற்கல்வி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு துறையிலும் கொடுத்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடி முடித்து மூன்று நாளுக்குள். பரீட்சைக்கு முந்தின வாரம் கடிதத்தோடு ஓடினால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

காலைப் பயிற்சிக்கு ஓ.டி. கிடையாது. ஏழே முக்காலுக்கு விட்டுவிடுகிறோம், முதல் வகுப்புக்குப் போய்விடலாம். வகுப்பில் தூங்குகிறான் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். ராத்திரி போனை எப்போது கீழே வைக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உள் மதிப்பீட்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் பயிற்சி இல்லை. இதில் மாற்றமே கிடையாது.

பல்கலைக்கழக அணிக்கு எப்படிப் போவது? ‘சவுத் ஜோன்’ என்று பையன் சொல்கிறானே, அது என்ன?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் தென் மண்டலத்தில் வரும். அதில் முன்னால் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதிலும் முன்னணியில் வருபவர்களுக்குக் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. 2022-இல் ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை அது நம் பெங்களூரிலேயே நடந்தது.

இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு, பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. கிறைஸ்ட், ஜெயின் போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே படிக்கிற பையன் தன் நிறுவனத்தின் அணியில் இடம் பிடித்தால் நேராகத் தென் மண்டலம். மற்றக் கல்லூரிப் பையன், தன் கல்லூரியில் ஆடி, பிறகு தன் பல்கலைக்கழகத்தின் எல்லாக் கல்லூரிப் பையன்களோடும் போட்டி போட்டு, பன்னிரண்டு பேரில் ஒருவனாக வர வேண்டும். பெங்களூர் பல்கலைக்கழகம் 2017-இல் மூன்றாகப் பிரிந்த பிறகு ஒரு அணி மூன்று அணியானது. பையன்களைப் பொறுத்தவரை அது நல்லதுதான், முன்பு பன்னிரண்டு ஜெர்சி, இப்போது முப்பத்தாறு. பொறியியல் கல்லூரி என்றால் பெலகாவியில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணி. மாநிலம் முழுக்க இருந்து வருவார்கள், இடம் கிடைப்பது கடினம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அசலும், கல்லூரி அடையாள அட்டையும் தயாராக இருக்கட்டும். பிறந்த தேதியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அப்படி ஒரு நல்ல ஆட்டக்காரன் பஸ் ஏறும் நாளன்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அணியில் என்ன மொழி பேசுகிறார்கள்? கன்னடம் தெரியாவிட்டால் கஷ்டமா?

கோர்ட்டில் எல்லா மொழியும் கலந்துதான் ஓடும். கன்னடப் பையன் ‘மச்சா’ என்பான், நம் பையன் ‘குரு’ என்பான். பெங்களூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் தெரியும், தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஒரு செமஸ்டருக்குள் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயம் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். டிஃபென்ஸில் ஒருவனுக்கொருவன் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், ‘இடது பக்கம் ஆள் வர்றான்’ என்று. சென்னையிலிருந்து ஓர் அணி நட்பு ஆட்டத்துக்கு வந்தபோது நாங்கள் தமிழில் கத்தியது எல்லாம் அவர்களுக்கும் புரிந்துவிட்டது. இரண்டாவது பாதியில் நம் தமிழ்ப் பையன்கள் தாங்களாகவே கன்னடத்துக்கு மாறினார்கள். எடக்கே, பலக்கே, ஹிந்தே (இடது, வலது, பின்னால்)! நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் வருகிற சாமர்த்தியம் அது.

அடிபட்டால் என்ன செய்வது?

அதிகம் வருவது கணுக்கால் சுளுக்கு. குதித்து இன்னொருவன் கால் மேல் இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கும். ஐஸைத் துணியில் சுற்றி 15-20 நிமிடம் வையுங்கள், பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள், சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுக்கவும் வேண்டாம். வீக்கம் கூடும். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போட அழைத்துப் போகாதீர்கள்.

முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் அது வேறு விஷயம். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும், எனக்கும் உடனே போன் செய்யுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஜெர்சியும் பந்தும் கல்லூரி தருகிறது. வெளியூர்ப் போட்டிக்குப் பயணப்படி உண்டு, ஆனால் பெரும்பாலும் பின்னால்தான் கைக்கு வரும். நீங்கள் வாங்க வேண்டியது ஷூ மட்டும். சிமென்ட் தரை ஷூவின் அடிப்பகுதியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். விலை உயர்ந்தது வேண்டாம், குதிகாலைப் பிடித்து நிறுத்துகிற, அடியில் கோடு தேயாத ஷூ போதும். வாங்க முடியாத சூழ்நிலை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பழைய மாணவர்கள் சிலர் உதவுகிறார்கள். யாருக்கும் தெரியாது.

சாப்பாடு பற்றியும் கேட்கிறீர்கள். பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். காலையில் கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், பயிற்சி முடிந்ததும் இட்லியோ ராகிக் கஞ்சியோ, கூட இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.

இதில் வேலை கிடைக்குமா?

சிலருக்குக் கிடைக்கும். ரயில்வே, வங்கிகள், வருமான வரித் துறை, காவல் துறை, ராணுவம் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மையம் இருக்கிறது. அந்தப் படைவீரர்களை ‘தம்பி’ என்றே அழைப்பது அவர்களின் வழக்கம். ராணுவ அணிகள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் உடல் தகுதி என்றால் என்ன என்று பையனுக்குப் புரியும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கிக்குப் பெயர் பெற்ற கூடைப்பந்து அணி இருந்தது. 2019 ஏப்ரலில் அந்த வங்கி பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. வங்கிகள் இணைய இணைய, இப்படி ஆள் எடுக்கும் இடங்களும் குறைகின்றன.

பெரும்பாலும் மாநில அளவிலும் அதற்கு மேலும் ஆடியவர்களுக்குத்தான் இந்த வேலைகள். எங்கள் அணியிலிருந்து வருடத்துக்கு ஒருவர் போனாலே பெரிய விஷயம். அதை நம்பிப் படிப்பை விடச் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது.

உயரம் தொட்ட நம்மவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 2017 ஜூலையில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை பெங்களூரில் நடந்தபோது அவரும் இந்திய அணியில் ஆடினார். பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். இரண்டு புள்ளி. போன சீசனுக்குப் பிறகு பையன்களுக்கு அந்த ஸ்கோரைத்தான் சொன்னேன், இரண்டு புள்ளி எந்தப் பக்கமும் சாயும் என்று.

நாங்கள் மேட்ச் பார்க்க வரலாமா? பையன் வேண்டாம் என்கிறானே?

வாருங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வான், தோற்றால் உங்கள் முன்னால் தோற்க வேண்டுமே என்று. முதல் ஆட்டத்துக்கு மட்டும் அந்தக் கூச்சம்.

பெரிய போட்டிகள் கண்டீரவா உள்ளரங்கில் நடந்தால் உட்கார நல்ல இடம் உண்டு. கல்லூரி மைதானங்களில் படிக்கட்டுதான், ஒரு துண்டு கொண்டு வாருங்கள். குடையும். அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோர்ட் ஓரத்தில் நின்று ‘ஷூட் பண்ணு, ஷூட் பண்ணு’ என்று கத்த வேண்டாம். அவன் நல்ல பிள்ளை, நீங்கள் சொன்னால் கேட்டுவிடுவான், அங்கேதான் பிரச்சினை. டைம் அவுட்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டாதீர்கள், அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு வேண்டும்.

ஜனவரியில் ஓர் அழைப்புப் போட்டிக்கு அந்த அம்மா வந்தார், மர்ஃபி டவுனிலிருந்து, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு. மேல் படியில் ஓரமாக உட்கார்ந்தார். மகன் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆடினான். நாங்கள் ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள், ஒன்பது புள்ளியில் தோற்றோம். ஆட்டம் முடிந்து அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியேறிப் போனான். அந்த அம்மா விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். ‘ஏழு எறிஞ்ச, அஞ்சு விழுந்துச்சு’ என்றார். நோட்டிலும் அதேதான் எழுதியிருந்தது.